நீண்ட டியூட்டி பார்க்கும் செவிலியர்களுக்கு ஏற்ற காலணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டிலும் ஐசியூவிலும் லேபர் வார்டிலும் நின்றும் நடந்தும் வேலை செய்யும் செவிலியர்கள், குறிப்பாகப் படிப்பை முடித்து முதல்முறை பணியில் சேர்பவர்கள், காலணி பற்றிக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சீருடைக்கும் கைக்கடிகாரத்துக்கும் செலவிடும் கவனத்தில் பாதியையாவது காலணிக்குக் கொடுத்தால், பின்னாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டிய பல வலிகளைத் தவிர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு இவற்றை எழுதுகிறேன்.

கடையில் பஞ்சுபோல இருந்த ஷூ, டியூட்டி முடிவதற்குள் ஏன் வலிக்கத் தொடங்குகிறது?

கடையில் நாம் ஒரு ஷூவைப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிடம்தான். அதை அணிந்து உழைக்கப்போவதோ, பல மருத்துவமனைகளில் பகலில் ஆறு மணி நேரமும் இரவில் பன்னிரண்டு மணி நேரமும். மிகவும் மென்மையான உள்தளத்தில் பாதம் புதைந்துவிடுகிறது. புதைந்த பாதம் ஒவ்வோர் அடியிலும் இலேசாகத் தள்ளாடுவதால், அதை நிலையாக நிறுத்துவதற்குக் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகளும் கெண்டைக்கால் தசையும் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு முதல் ஒரு மணி நேரத்தில் தெரிவதில்லை. ரவுண்ட்ஸ் முடிந்து, மருந்து கொடுத்து, கேஸ் ஷீட் எழுத உட்காரும்போது கால் கனக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. நின்றுகொண்டே இருக்கும்போது பாதம் வீங்குகிறது. காலையில் சரியாகப் பொருந்திய ஷூ மாலையில் இறுக்கமாகி, சுண்டுவிரலையும் பெருவிரல் எலும்பையும் அழுத்துகிறது. ஆகவே மென்மையை வைத்து ஷூவைத் தேர்ந்தெடுக்காமல், வீங்கிய பாதத்தின் வடிவத்துக்கு அது இடம் தருகிறதா என்பதை முதலில் பாருங்கள். கீழே வரும் பெரும்பாலான விடைகள் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

அப்படியானால் எப்போது கடைக்குப் போக வேண்டும்? எப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும்?

டியூட்டி முடிந்து நேராகக் கடைக்குப் போவது நல்லது. வார நாள் விடுப்பில், காலையில் ஓய்வெடுத்த காலோடு போய் வாங்குவதைத் தவிருங்கள். டியூட்டிக்கு அணியும் அதே சாக்ஸைக் கையோடு கொண்டுபோக வேண்டும்; கடையில் தரும் மெல்லிய நைலான் உறையைப் போட்டுப் பார்த்தால் அளவு தவறும்.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, அதன்மீது முழு எடையையும் ஊன்றி நின்று, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி இன்னொருவரை வரையச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களையும் தனித்தனியாக வரைய வேண்டும், ஏனெனில் பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. கடையில் ஷூவின் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி எடுத்து, அந்தத் தாளை அதன்மீது வைத்துப் பாருங்கள். பாதத்தின் கோடு இன்சோலின் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றால், அந்த ஷூ எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கானது அன்று. இன்சோல் ஒட்டப்பட்டிருந்து உருவ முடியாவிட்டால், ஷூவின் அடியில் தாளை வைத்து ஒப்பிடலாம். ஆனால் அடிப்பகுதி உள்ளிடத்தைவிடச் சற்று அகலமாகவே இருக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அணிந்த பிறகு உட்கார்ந்தபடி பார்க்காமல் எழுந்து நின்று பார்க்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். அவர்கள் அந்த விரலைக் கொண்டே அளக்க வேண்டும். விரல்களை உள்ளே மடக்கி விரிக்க முடிய வேண்டும். குதிகால் மட்டும் தூக்கித் தூக்கி வராமல் பிடிப்பாக நிற்க வேண்டும். இரண்டு பாதங்களில் பெரியது எதுவோ அதற்கே வாங்குங்கள். சிறிய பாதத்தின் ஷூவில் ஒரு மெல்லிய இன்சோலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எப்போதும் 6ஆம் எண்தான் வாங்குகிறேன். எண்ணை நம்பி இணையத்தில் வாங்கலாமா?

முதல் ஜோடியை அப்படி வாங்க வேண்டாம். இந்தியக் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் எண்முறை வழங்குகிறது. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு. ஐரோப்பிய எண்முறையில் இந்த வேறுபாடு 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. அமெரிக்கப் பெண்கள் எண்முறையோ பிரிட்டிஷ் எண்ணைவிட ஏறத்தாழ 2 கூடுதலாக இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக்காகத் தயாராகி எஞ்சிய தோல் ஷூக்கள் குறைந்த விலையில் கிடைக்கும்போது, அவற்றில் ஐரோப்பிய எண் மட்டுமே அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. எண்ணை மனக்கணக்காக மாற்றிக்கொண்டு வாங்கினால் அரை சென்டிமீட்டர் எளிதில் தவறிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அகலம். மேற்சொன்ன எண்கள் எல்லாம் நீளத்தையே குறிக்கின்றன. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் பாதங்களை அளந்து, இந்தியர்களுக்கென்றே ‘பா’ என்ற புதிய அளவுமுறையை முன்மொழிந்திருக்கிறது. இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பதே அந்த முயற்சியில் வெளிப்பட்ட முக்கியமான செய்தி. சிறுவயது முதல் வெறுங்காலிலும் வார் செருப்பிலும் நடந்து வளர்ந்த நம்மில் பலருக்கு விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். ஆகையால் விரல் பகுதி கூர்மையாக ஒடுங்கும் ஷூக்களில் ஓர் எண் பெரிதாக வாங்கி ஈடுகட்டப் பார்ப்பதைவிட, முன்பகுதி அகன்று வட்டமாக உள்ள மாதிரியைத் தேடுவதே சரியான வழி. எண்ணைக் கூட்டினால் நீளம் கூடி, குதிகால் வழுகி, கொப்புளம் உண்டாகும்.

பெல்லி, கட் ஷூ, லேஸ் ஷூ: எது நல்லது?

லேஸ் அல்லது வெல்க்ரோ உள்ள ஷூ. காரணம், பாதம் வீங்கும்போது தளர்த்தவும், பின்பு இறுக்கவும் அவை இடம் தருகின்றன. கறுப்புப் பெல்லி ஷூ சீருடையோடு பார்க்க அழகாக இருக்கிறது, விலையும் குறைவு. அதனால்தான் பணியில் சேரும் இளம் செவிலியர்களில் பலர் அதையே வாங்குகிறார்கள். ஆனால் பெல்லியின் சோல் மெல்லியது, உள்வளைவுக்குத் தாங்கல் இல்லை, பாதத்தின் மேற்புறத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அது கழன்றுவிடாமல் இருப்பதற்காக நாம் அறியாமலேயே விரல்களை மடக்கி மடக்கி நடக்கிறோம். ஒரு மணி நேரம் வெளியே போய்வர அது போதும். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்குப் போதாது. கட் ஷூவில் மேற்புறம் ஓரளவு மூடியிருப்பதால் அது பெல்லியைவிடத் தேவலை.

ஷூவைக் கையில் எடுத்து மூன்று விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். குதிகாலின் பின்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து அழுத்துங்கள்; அது விறைப்பாக நின்றால் குதிகாலை நேராகப் பிடிக்கும், சப்பென்று மடங்கினால் பிடிக்காது. முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் ஷூ மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. அடுத்து, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். சற்றே திரும்பி நிற்க வேண்டுமே தவிர முழுதாகச் சுருளக் கூடாது. விற்பனையாளர் முகம் சுளித்தாலும் இவற்றைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

குதிகாலின் உயரம் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். உயரம் கூடக் கூட உடலின் எடை பாதத்தின் முன்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. இடுப்பும் அதற்கேற்ப வளைந்துகொள்கிறது. அடியில் கடினமான கட்டை வைத்த ஷூ இரவு வார்டில் டக் டக்கென்று ஒலித்து, வலியோடு போராடி அப்போதுதான் கண்ணயர்ந்த நோயாளியை எழுப்பிவிடும். நோயாளியின் உறக்கத்தைக் காப்பதும் நம் பணியின் பகுதிதான் என்பதால், ஓசையற்ற சோல் வேண்டும் என்பதை நான் வலியுறுத்தியே சொல்வேன்.

ஓட்டைகள் உள்ள குரோக்ஸ் வகைக் காலணி அணியலாமா?

நோயாளிகளைத் தொட்டுப் பணிசெய்யும் இடத்தில் வேண்டாம். இரத்தமும் பிற உடல் திரவங்களும் அந்த ஓட்டைகள் வழியே நேராகப் பாதத்தின்மீது சிந்தும். கைதவறி விழும் ஊசியோ பிளேடோ முனை கீழாக விழுந்தால் ஓட்டை வழியே தைத்துவிடலாம். முன்பகுதி முழுவதும் மூடிய, ஓட்டையற்ற மாதிரிகளும் அதே வகையில் வருகின்றன. கழுவுவதற்கு எளிது என்பதால் அவை ஓ.டி.க்கு, அதாவது அறுவை அரங்குக்குப் பொருத்தமானவை. ஆனால் குதிகாலில் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

துணி வலை போன்ற மெஷ் மேற்பகுதி கொண்ட ஓட்டப் பயிற்சி ஷூக்களுக்கும் இதே குறை உண்டு: காற்றோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் திரவம் ஊடுருவும், ஊசி எளிதில் தைக்கும். தோல் அல்லது துடைக்கக்கூடிய சிந்தெடிக் மேற்பகுதியே வார்டுக்கு ஏற்றது. அலுவலகப் பணி, வகுப்பெடுக்கும் பணி என்று நோயாளித் தொடர்பு குறைந்த இடங்களில் மெஷ் ஷூ அணிவதில் தவறில்லை.

மருத்துவமனைத் தரையில் வழுக்காமல் இருக்க எந்த சோல் வேண்டும்?

ரப்பர் சோல். பிவிசி பிளாஸ்டிக் சோல் விலை குறைவு, நீண்ட நாள் தேயாது. ஆனால் ஈர டைல்ஸ் மீது அது வழுக்கும், ஏசி அறைகளில் இன்னும் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் சற்றேனும் அமுங்கி மீண்டு வரும் சோல் தரையைப் பற்றிக்கொள்ளும். நகம் பட்டு வழுகிப் போனால் ஐயப்படலாம். அடியில் உள்ள வரிப்பள்ளங்கள் விளிம்பு வரை திறந்திருந்தால்தான் அடியில் சிக்கும் நீர் வெளியேறும். அந்தப் பள்ளங்களில் பஞ்சும் பிளாஸ்டர் துண்டும் ஒட்டிக்கொண்டு நிரம்பிவிட்டால் நல்ல சோலும் வழுக்கும். பழைய டூத் பிரஷ் ஒன்றால் வாரம் ஒருமுறை சுரண்டிவிடுங்கள். சோப்புத் தண்ணீரும் ஜெல்லும் சிந்திய தரையில் எந்த ஷூவும் முழுப் பாதுகாப்புத் தராது என்பதால், சிந்தியதை உடனே துடைக்கச் சொல்வதும் அதுவரை அந்த இடத்தில் யாரையும் நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

ஓ.டி.க்குத் தனிக் காலணி தேவையா?

ஆம். ஓ.டி.க்குள் அணிவதை வெளியே அணிந்து வரக் கூடாது. வார்டு ஷூவையும்கூட மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு வேறு செருப்பை அணிவது நல்ல பழக்கம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதைக் கட்டாயமாகவே கொள்ளலாம்.

எந்த சாக்ஸ்? எனக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துகொண்டே இருக்கிறது.

பருத்தி நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் நீண்ட டியூட்டியின் பாதியிலேயே சாக்ஸ் நனைந்து, நனைந்த தோல் உரசிக் கொப்புளமாகிறது. பருத்தியோடு பாலியெஸ்டரோ நைலானோ கலந்த, விளையாட்டுக்கென்று விற்கப்படும் சாக்ஸ் ஈரத்தை வெளியே கடத்திவிடும். எதை அணிந்தாலும் பையில் இன்னொரு ஜோடியை வைத்திருந்து, இடைவேளையில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அதன் பலன் மறுநாள் காலை தெரியும்.

சேற்றுப்புண் பூஞ்சைத் தொற்று. பூஞ்சைக்கு ஈரமும் வெப்பமும் இருட்டும் போதும். மூடிய ஷூ இம்மூன்றையும் தருகிறது. குளித்தபின் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஒரே ஷூவை நாள்தோறும் அணியாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிட வேண்டும். பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை, புண் மறைந்ததும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் தடவ வேண்டும். திரும்பத் திரும்ப வருவதற்குப் பாதியில் நிறுத்துவதும், பழைய ஷூவுக்குள்ளேயே தொற்று தங்கியிருப்பதும் பொதுவான காரணங்கள். வார்டில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாமே எடுத்துத் தடவுவது நோயை மறைத்துப் பரப்பிவிடும்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போல் வலிக்கிறது. ஷூவை மாற்றினால் சரியாகுமா?

நீங்கள் சொல்வது, குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த தசைநார்ப்பட்டை புண்பட்டிருப்பதன் வழக்கமான அறிகுறி. நம் பக்கத்தில் இதைக் குதிகால் வாதம் என்பார்கள். நீண்ட நேரம் கடினத் தரையில் நிற்பவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. சில அடிகள் நடந்ததும் வலி குறைவதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது மீண்டும் வருவதும் இதன் இயல்பு.

ஷூவை மாற்றுவது சிகிச்சையின் ஒரு பகுதி மட்டுமே. விறைப்பான குதிகால் பிடிப்பும் உள்வளைவுத் தாங்கலும் உள்ள ஷூ அணிவதோடு, வீட்டில் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடக்காமல் மென்மையான செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன்பே, கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்து, உள்ளங்கால் இழுபடுவதை உணர்ந்து, பத்து எண்ணும் வரை வைத்திருந்து விட வேண்டும். இதைப் பத்து முறை செய்த பிறகு எழுந்தால் முதல் அடியின் வேதனை குறையும். சுவரில் கைகளை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் நிரப்பி உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுவதும் பலருக்கு ஆறுதல் தருகிறது. இது ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பொறுமை இழந்து, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு டியூட்டி பார்ப்பதையே வழக்கமாக்கிவிடாதீர்கள். இரவிலும் விடாத வலி, வீக்கம், மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

காலில் நரம்புச் சுருட்டு தெரிகிறது. அதற்கும் காலணிக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு குறைவு. இதில் சுருண்டு புடைப்பவை நரம்புகள் அல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரைகள். அவற்றில் உள்ள வால்வுகள் தளர்ந்து இரத்தம் தேங்குகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் இரத்தம் மேலே தள்ளப்படுவதால், நடப்பது நல்லது. அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுதான் தீங்கு. ஓ.டி.யில் நெடுநேரம் நிற்பவர்கள் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கலாம். அழுத்தம் தரும் காலுறைகள் உதவும். 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் உள்ளவை களைப்புக்கும் இலேசான வீக்கத்துக்கும் வழக்கமாகப் பயன்படுபவை. அதைவிட அழுத்தம் கூடியவற்றை மருத்துவர் சொல்லியே அணிய வேண்டும். வீக்கம் ஏறும் முன், காலை எழுந்ததும் அவற்றை அணிவது முறை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எவ்வளவு நல்ல ஷூவும் நாற்காலிக்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குக் காரணமான உடல் உண்மை செவிலியருக்கும் அப்படியே பொருந்தும். நர்சிங் ஸ்டேஷனில் போதிய நாற்காலிகள் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பாதத்தில் உணர்ச்சி முழுமையாக இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால், ஷூ கடிப்பதே தெரியாமல் பன்னிரண்டு மணி நேரம் நடந்துவிடுவீர்கள், அதுவே பேராபத்து. இந்த உண்மையை உலகுக்கு விளக்கியதில் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். அவர்களுடைய பாதங்களில் உண்டாகும் புண்களுக்கு, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே முக்கியக் காரணம் என்று அவர் காட்டினார். அந்த அழுத்தத்தைப் பரவலாக்குவதற்காக வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் பயன்பாட்டுக்கு வந்த எம்சிஆர் எனப்படும் மைக்ரோசெல்லுலர் (நுண்ணறை) ரப்பர் உள்தளம்தான், இன்று சர்க்கரை நோயாளிகளுக்கான எம்சிஆர் செருப்பாகப் பரவலாகக் கிடைக்கிறது.

டியூட்டிக்குத் திறந்த செருப்பு பொருந்தாது என்பதால், எம்சிஆர் உள்தளம் வைத்த மூடிய ஷூவைச் செய்துதரச் சொல்லலாம். கூடுதல் உள்தளத்துக்கு இடம் தரும் ஆழமான ஷூ வேண்டும். அணிவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் தடவி, கல்லோ தையல் முனையோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூட்டி முடிந்ததும் சாக்ஸைக் கழற்றி, கண்ணாடி ஒன்றைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு எது தென்பட்டாலும் அந்த ஷூவை அணிவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டுவதும் உங்களுக்குக் கூடவே கூடாது.

கர்ப்பமாக இருக்கிறேன். பழைய ஷூ பத்தவில்லை.

கர்ப்ப காலத்தில் நீர்க்கோப்பினால் பாதம் வீங்குவதோடு, தசைநார்கள் தளர்வதால் பாதம் நீளவும் அகலவும் கூடும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இப்போதைக்குக் குனியாமல் மாட்டக்கூடிய வெல்க்ரோ ஷூ ஒன்று போதும். முகமும் கையும் சேர்ந்து வீங்கினால் ஷூவைக் குறை சொல்லிக்கொண்டிராமல் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

குதிகால் மட்டும் வழுகிக்கொண்டே இருக்கிறது. லேஸ் கட்டுவதில் ஏதும் வழி உண்டா?

உண்டு. பல ஷூக்களில் கணுக்காலுக்கு அருகில், மற்றவற்றைவிடச் சற்றுப் பின்தள்ளி, பயன்படுத்தாமல் விடப்படும் ஒரு துளை இருக்கும். லேஸின் நுனியை அதே பக்கத்திலுள்ள அந்தத் துளைக்குள் செலுத்தி, முழுவதும் இழுக்காமல் ஒரு சிறு வளையம் நிற்கும்படி விடுங்கள். மறுபக்கமும் அவ்வாறே செய்யுங்கள். பிறகு வலப்பக்க நுனியை இடப்பக்க வளையத்துக்குள்ளும், இடப்பக்க நுனியை வலப்பக்க வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னோக்கி அமர்ந்துகொள்ளும்; விரல் பகுதியைத் தளர்வாகவே வைத்திருக்க முடியும்.

ஒரு ஜோடி எவ்வளவு காலம் வரும்? எவ்வளவு செலவிடலாம்?

மேற்பகுதி புதிதுபோல இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை செத்துவிடுகிறது. இவிஏ நுரை எடை குறைவானது, ஆனால் விரைவில் அமுங்கிப்போகும். பியூ நுரை சற்றுக் கனம், ஆனால் நாள்பட உழைக்கும். ஷூவை மேசைமீது வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். ஒருபுறம் சாய்ந்து நின்றாலோ, நடுச்சோலின் பக்கவாட்டில் சுருக்க வரிகள் விழுந்திருந்தாலோ, ஓய்வெடுத்த பிறகும் புதிதாக முழங்கால் வலி தொடங்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். நாள்தோறும் அணிபவர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டுக்குள் இந்த நிலை வந்துவிடும்.

விலையைப் பொறுத்தவரை என் கருத்து இது: மிக விலையுயர்ந்த ஒரு ஜோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு ஜோடிகள் மேல். மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்து, நுரையும் மீள நேரம் கிடைத்து, இரண்டும் நீண்ட நாள் உழைக்கும். சீருடைப் படியிலோ சொந்தப் பணத்திலோ வாங்கும் இளம் செவிலியர்களின் சம்பளம் எவ்வளவு என்பதை அறிந்தேதான் இதைச் சொல்கிறேன். ஒரே மாதத்தில் இரண்டையும் வாங்க வேண்டியதில்லை. வெள்ளை ஷூதான் வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தி, அந்த நிறத்தில் உங்கள் பாதத்துக்கு ஏற்றது கிடைக்கவில்லை என்றால், மருத்துவரின் கடிதத்தோடு நர்சிங் சூப்பிரண்டிடம் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இரத்தம் பட்ட ஷூவை எப்படிச் சுத்தம் செய்வது?

கையுறை அணிந்து, முதலில் உறிஞ்சும் தாளால் ஒற்றி எடுத்து, அதை உரிய கழிவுக் கூடையில் போட்டுவிட்டு, மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு சொல்லும் கிருமிநாசினியால் துடையுங்கள். ஹைப்போகுளோரைட் கரைசல் தோலையும் தையலையும் அரிக்கும். ரப்பர், பிளாஸ்டிக் ஷூவுக்கு அதைப் பயன்படுத்தினாலும் சொல்லப்பட்ட நேரம் கழித்து நீரால் துடைத்துவிட வேண்டும். திரவம் உள்ளே ஊறிய துணி ஷூவைக் காப்பாற்ற முயல வேண்டாம். வெயிலில் நேராகக் காயவைத்தால் பசை விட்டுவிடும்; இன்சோலை உருவித் தனியாக வைத்து, மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள்.

புதிய ஷூவை முதல்நாளே நைட் டியூட்டிக்கு அணியலாமா?

வேண்டாம். வீட்டுக்குள் சுத்தமான தரையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்று சில நாள் அணிந்து பாருங்கள். வெளியே அணியாத ஷூவைப் பல கடைகள் மாற்றிக் கொடுக்கும் என்பதால் ரசீதையும் பெட்டியையும் வைத்திருங்கள். அதன் பிறகு ஒரு பகல் டியூட்டிக்கு அணிந்து போகும்போது, பழைய ஜோடியையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே கொப்புளம் எழும் முன்பே மைக்ரோபோர் டேப்பை ஒட்டிக்கொள்ளலாம். ஒரு வாரம் கழிந்தும் அதே இடத்தில் உரசினால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ஷூவின் வடிவம் உங்கள் பாதத்துக்குப் பொருந்தவில்லை.